லூபஸ் சிறுநீரக நோயுடன் கருத்தரிக்கத் திட்டமிடுவது எப்படி?

நோயெதிர்ப்பு அமைப்பு தன் உடலையே தாக்கும் லூபஸ் நோய், சிறுநீரகத்தையும் தாக்கியிருக்கிறது என்று தெரிந்ததும் பல பெண்களின் மனத்தில் எழும் கேள்வி, "எனக்குக் குழந்தை பிறக்குமா?" என்பதுதான். ஆனால் அதை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. "உன் உடம்பு இருக்கும் நிலையில் இது தேவையா?" என்று சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம். அந்த அச்சம் வெறும் கற்பனையன்று. லூபஸ் இருந்தால் கருத்தரிக்கவே கூடாது என்றுதான் ஒரு காலத்தில் பொதுவாக அறிவுறுத்தினார்கள்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2015இல் வெளியான ப்ராமிஸ் ஆய்வு, நோய் பெருமளவு அடங்கிய நிலையில் கருவுற்ற 385 லூபஸ் பெண்களைக் கவனித்தது. ஐந்தில் நான்கு பேருக்குப் பெரிய சிக்கல் எதுவும் நேரவில்லை. அதே ஆய்வின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சிறுநீரில் நாளொன்றுக்கு 1 கிராமுக்கு மேல் புரதம் போனவர்களையும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராமைத் தாண்டியவர்களையும் அதில் சேர்க்கவில்லை. அதாவது, அந்த நல்ல எண்கள் சிறுநீரகம் அமைதியாக இருந்தவர்களுக்கு உரியவை.

உங்கள் உடல் உருவாக்கும் ஆன்டிபாடிகளை (நோயெதிர்ப்புப் புரதங்களை) நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. சிறுநீரகத்தில் ஏற்கெனவே விழுந்த தழும்பை அழிக்க முடியாது. எப்போது கருத்தரிப்பது என்பதை மட்டும் பெரும்பாலும் நீங்களே தீர்மானிக்கலாம். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாப் படிகளும் அந்த ஒரு முடிவைச் சரியாக எடுப்பதற்காகத்தான். உங்களுக்கான மருந்தும் அளவும் உங்கள் மருத்துவர்கள் சொல்ல வேண்டியவை. அவர்களிடம் என்ன கேட்பது, எதை எதிர்பார்ப்பது என்பதற்கே இது.

முதல் படி: கருத்தரிப்பதற்கு முன் கருத்தடை

முரணாகத் தோன்றலாம். ஆனால் திட்டமிட்ட கர்ப்பம் என்பது திட்டமிடாத கர்ப்பத்தைத் தவிர்ப்பதில்தான் தொடங்குகிறது. நோய் கொதித்துக்கொண்டிருக்கும்போதும், கருவைப் பாதிக்கும் மருந்துகளை எடுக்கும்போதும் கரு தங்கிவிட்டால் தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து.

எல்லாக் கருத்தடை முறைகளும் லூபஸுக்கு ஏற்றவை அல்ல. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். சிறுநீரக நோய் தீவிரமாக இருப்பவர்களும், இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி உள்ளவர்களும் அவற்றைத் தவிர்க்க வேண்டும். கருப்பைக்குள் பொருத்தும் சாதனமும், கையின் தோலுக்கடியில் வைக்கும் புரோஜெஸ்டின் குச்சியும் பொதுவாகப் பாதுகாப்பானவை. எடுத்துவிட்டால் கருவுறும் திறன் திரும்பிவிடும். இன்னொரு செய்தியைப் பலரும் சொல்வதில்லை: நோயெதிர்ப்பை ஒடுக்கும் மருந்தான மைக்கோபீனலேட், கருத்தடை மாத்திரையின் வீரியத்தைக் குறைக்கக்கூடும். அந்த மருந்தில் இருக்கும்போது மாத்திரையை மட்டும் நம்பி இருப்பது போதாது.

இரண்டாம் படி: மூன்று மருத்துவர்களையும் ஒரே பேச்சில் கொண்டுவருவது

சிறுநீரக மருத்துவர், லூபஸைப் பார்க்கும் மூட்டு மற்றும் தன்னெதிர்ப்பு நோய் மருத்துவர், ஆபத்துள்ள கர்ப்பங்களைக் கையாண்டு பழகிய மகப்பேறு மருத்துவர் ஆகிய மூவரும் தேவை. மூவரும் ஒரே மருத்துவமனையில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒருவர் எழுதியதை மற்றவரிடம் கொண்டு சேர்க்கும் பொறுப்பு உங்கள் கையில் விழும். ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்த பயாப்சி அறிக்கை, மருந்துகளும் அவை மாறிய தேதிகளும், கடைசி ஓராண்டின் சிறுநீர், இரத்தப் பரிசோதனை முடிவுகள், முன்பு கருச்சிதைவோ இரத்த உறைவோ ஏற்பட்டிருந்தால் அதன் விவரம் ஆகியவை அதில் இருக்கட்டும்.

இந்தப் பேச்சைக் கருத்தரிக்க நினைக்கும் மாதத்தில் தொடங்கினால் காலம் கடந்துவிடும். ஓராண்டுக்கு முன்பே தொடங்குவது நல்லது. மருந்து மாற்றவும், மாற்றிய மருந்தில் நோய் அடங்கி இருக்கிறதா என்று பார்க்கவும் அவ்வளவு காலம் பிடிக்கும்.

மூன்றாம் படி: சிறுநீரகம் தயாரா என்று பார்ப்பது

சர்வதேச வழிகாட்டுதல்கள் ஒத்துச்சொல்வது இது: கருத்தரிப்பதற்கு முன் குறைந்தது ஆறு மாதங்கள் நோய் அடங்கியிருக்க வேண்டும். அடங்கியிருக்கிறது என்பதை எப்படி அறிவது? உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றுவது போதாது. சிறுநீரகம் வலியில்லாமலே கெடும் உறுப்பு. ஆகவே எண்களைப் பார்க்க வேண்டும்.

சிறுநீரில் புரதம் நாளொன்றுக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும். கிரியேட்டினின் இயல்பாகவோ, அதற்கு அருகில் நிலையாகவோ இருக்க வேண்டும். சிறுநீரில் சிவப்பணுக்கள் புதிதாகத் தோன்றக் கூடாது. நோயெதிர்ப்புக்கு உதவும் சி3, சி4 என்ற காம்ப்ளிமென்ட் புரதங்கள் இரத்தத்தில் குறைந்தும், இரட்டை இழை டிஎன்ஏவுக்கு எதிரான ஆன்டிபாடி உயர்ந்தும் இருந்தால், மற்றவை நன்றாக இருந்தாலும் மருத்துவர் சற்றுப் பொறுக்கச் சொல்லலாம்.

ஒரு தடவை எடுத்த நல்ல முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அவசரப்பட வேண்டாம். ஆறு மாதமும் தொடர்ந்து அப்படியே இருந்ததா என்பதே கேள்வி. வயது ஏறுகிறதே என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. சுற்றியிருப்பவர்களின் கேள்விகளும் அந்தத் தவிப்பைக் கூட்டும். ஆனாலும் கொதிக்கும் சிறுநீரகத்தோடு கருத்தரித்து, குறைமாதக் குழந்தையையும் டயாலிசிஸையும் ஒருசேரச் சந்திப்பதைவிட அந்த ஆறு மாதம் மிகச் சிறியது.

இதே கட்டத்தில் இரண்டு வகை ஆன்டிபாடிகளைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடிகள் முதல் வகை. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீனுக்கு எதிரானது என்று மூன்று பரிசோதனைகள் உண்டு. இவை இருந்தால் கருச்சிதைவு, இரத்த உறைவு, நஞ்சுக்கொடியின் செயல் குன்றுவது ஆகியவற்றின் வாய்ப்பு கூடும். ஒரு முறை பாசிட்டிவ் என்றால் 12 வாரம் கழித்து மீண்டும் பார்த்து உறுதி செய்வார்கள். முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆன்டி-ரோ, ஆன்டி-லா இரண்டாம் வகை. இவை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குச் சென்று, அரிதாக அதன் இதயத்துடிப்பைக் கடத்தும் பாதையைச் சேதப்படுத்தும். ஆன்டி-ரோ உள்ள தாய்மாரில் 100 பேருக்கு ஏறத்தாழ 2 பேரின் குழந்தைக்கே இப்படி நேர்கிறது. ஆகவே பாசிட்டிவ் என்று கண்டதும் கலங்க வேண்டாம். முன்பு பிறந்த குழந்தைக்கு இந்தப் பாதிப்பு இருந்திருந்தால் மட்டும் வாய்ப்பு 100க்கு 16 முதல் 18 வரை உயர்கிறது. அவர்களுக்குத் தனிக் கவனிப்பு தேவை.

நான்காம் படி: மருந்துகளை மாற்றுவது

அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான். தவறு இரண்டு திசையிலும் நடக்கிறது. தெரியாமல் ஆபத்தான மருந்தைத் தொடர்பவர்கள் உண்டு. குழந்தைக்கு ஆகாது என்ற பயத்தில் எல்லா மருந்தையும் தாங்களே நிறுத்திவிடுபவர்களும் உண்டு. இரண்டாவது தவறு முதலாவதற்கு எந்த வகையிலும் குறைந்ததன்று. நோய் மீண்டும் கிளம்பினால் அதுவே கருவுக்குப் பெரிய ஆபத்து.

நிறுத்த வேண்டியவற்றை முதலில் பார்ப்போம். மைக்கோபீனலேட் கருச்சிதைவையும், காது, உதடு, அண்ணம் முதலிய உறுப்புகளில் பிறவிக் குறைகளையும் ஏற்படுத்தும். கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது 6 வாரம் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். நடைமுறையில் இன்னும் முன்பே மாற்றுவார்கள். பெரும்பாலும் அசாதியோப்ரினுக்கு மாற்றி, சில மாதங்கள் நோய் அடங்கியே இருக்கிறதா என்று பார்த்த பிறகே பச்சைக்கொடி காட்டுவார்கள். சைக்ளோபாஸ்பமைடும் மெத்தோட்ரெக்சேட்டும் கருவுக்கு ஆகாதவை. இவற்றையும் கருத்தரிப்புக்குப் பல வாரங்கள் முன்பே நிறுத்த வேண்டும். சைக்ளோபாஸ்பமைடுக்கு மூன்று மாத இடைவெளி வேண்டும். லெஃப்ளுனோமைடு நிறுத்திய பின்னும் நெடுங்காலம் உடலில் தங்கும். அதை வெளியேற்றத் தனி மருந்து கொடுப்பார்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அதை நிறுத்தி, அதே வேலையைச் செய்யும் ஹெப்பாரின் ஊசி தொடங்குவார்கள்.

எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் சிறுநீரில் புரதம் போவதைக் குறைக்கவும் தரப்படுபவை. கர்ப்பத்தின் பிற்பகுதியில் இவை குழந்தையின் சிறுநீரகத்தையே பாதிக்கும். சிலருக்கு எனலாப்ரில் வகையை மட்டும், கர்ப்பம் உறுதியாகும் நாள்வரை தொடரலாம் என்று சிறுநீரக மருத்துவர் முடிவு செய்வதுண்டு. நாள் தள்ளிப்போனதுமே பரிசோதனை செய்துகொள்ளும் ஒழுங்கு இருப்பவர்களுக்கே அது பொருந்தும். கர்ப்பகாலத்தில் லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகியவை பழகிய மருந்துகள்.

இனி தொடர வேண்டியவை. இவற்றில் முதலிடம் ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்கு. லூபஸ் உள்ள எல்லாக் கர்ப்பிணிகளும், தக்க காரணம் இருந்தாலொழிய, இதை எடுக்க வேண்டும் என்றே வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இதை நிறுத்தினால் நோய் கிளம்பும் வாய்ப்பு கூடுகிறது. வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மிகாத அளவு தருவார்கள். சிறுநீரகத்தின் செயல்திறன் வெகுவாகக் குறைந்திருந்தால் அளவு மாறும், கண் பரிசோதனையும் அடிக்கடி தேவைப்படும். அசாதியோப்ரினைக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வரை தொடரலாம். டாக்ரோலிமஸும் சைக்ளோஸ்போரினும் கர்ப்பத்தில் பயன்படுத்தக்கூடியவை. இரத்தத்தில் அவற்றின் அளவைப் பார்த்துக்கொண்டே போவார்கள்.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து பற்றிய பயம் பரவலானது. நஞ்சுக்கொடி அதன் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடுவதால் குழந்தைக்குச் சிறிதளவே சேர்கிறது. அளவு கூடினால் தாய்க்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், தொற்று, பனிக்குடம் முன்கூட்டியே உடைதல் ஆகிய தொல்லைகள் வரலாம். அதனால் நோயைக் கட்டுக்குள் வைக்கும் மிகக் குறைந்த அளவு எது என்று கண்டு அந்த அளவிலேயே தொடரச் செய்வார்கள். திடீரென்று நிறுத்துவது கூடவே கூடாது.

மூட்டுவலிக்குக் கடையில் தானே வாங்கிப் போடும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை இந்தச் சிறுநீரகத்துக்கு எப்போதுமே ஆகாதவை. கர்ப்பத்தில் 20 வாரத்துக்குப் பிறகு குழந்தைக்கும் ஆகாது.

கருத்தரிக்கத் தாமதமானால்

லூபஸ் மட்டுமே பொதுவாகக் கருவுறும் திறனைக் குறைப்பதில்லை. சைக்ளோபாஸ்பமைடு பெற்றவர்களுக்குச் சினைப்பை பாதிக்கப்பட்டிருக்கலாம். மொத்த அளவும் வயதும் கூடக்கூட பாதிப்பும் கூடும். இனிமேல்தான் அந்த மருந்தைத் தொடங்கப்போகிறீர்கள் என்றால், சினைப்பையைக் காக்க லியூப்ரோலைடு போன்ற ஊசி தரலாமா என்று முன்பே கேளுங்கள். செயற்கைக் கருத்தரிப்பும் செய்துகொள்ளலாம். ஆனால் அதற்கும் நோய் அடங்கியிருக்க வேண்டும். ஆன்டிபாஸ்போலிப்பிட் உள்ளவர்களுக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியும் தேவைப்படும்.

ஐந்தாம் படி: பச்சைக்கொடி கிடைத்த பின்

ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்குங்கள். வைட்டமின் டி, கால்சியம் பற்றிக் கேளுங்கள். தடுப்பூசிகளைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்; உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை நோயெதிர்ப்பு ஒடுக்கும் மருந்தில் இருக்கும்போதும் கர்ப்பத்திலும் போடக் கூடாது. புகை பிடிப்பவராக இருந்தால் நிறுத்திவிடுங்கள். மேல் கையில் கட்டிப் பார்க்கும் இரத்த அழுத்தக் கருவி ஒன்றை இப்போதே வாங்கி, அளவுகளைக் குறித்துவைக்கப் பழகுங்கள்.

ஆறாம் படி: கர்ப்பம் உறுதியானதும்

அன்றே மருத்துவர்களுக்குத் தெரிவியுங்கள். நிறுத்த வேண்டிய மருந்து ஏதேனும் மீதமிருந்தால் அன்றே நிறுத்தச் சொல்வார்கள். திட்டமிடாமல் கரு தங்கியிருந்தாலும் இதையேதான் செய்ய வேண்டும். குற்ற உணர்வில் மறைத்து வைத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் இழப்பு.

பிரீ-எக்லாம்சியா என்ற கர்ப்பகால இரத்த அழுத்த நோய் வரும் வாய்ப்பு சிறுநீரக லூபஸில் அதிகம். அதைக் குறைக்க நாளொன்றுக்கு 75 முதல் 150 மில்லிகிராம் ஆஸ்பிரினை 16 வாரத்துக்கு முன்பே, வழக்கமாக 12ஆவது வாரத்தில், தொடங்குவார்கள். யாரும் தொடங்கவில்லையென்றால் நீங்களே நினைவூட்டுங்கள். முன்பு இரத்த உறைவோ கர்ப்ப இழப்போ நேர்ந்து ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் உறுதியானவர்களுக்கு ஆஸ்பிரினோடு ஹெப்பாரினும் சேரும். சிறுநீரில் புரதம் மிக அதிகமாகப் போகிறவர்களுக்கும் ஹெப்பாரின் தேவைப்படலாம்.

சிறுநீர், கிரியேட்டினின், இரத்த அணுக்கள், காம்ப்ளிமென்ட் ஆகியவற்றை ஏறத்தாழ மாதம் ஒரு முறை பார்ப்பார்கள். நாள் நெருங்க நெருங்க இடைவெளி குறையும். ஆன்டி-ரோ உள்ளவர்களுக்கு 16 முதல் 26 வாரம் வரை, ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, குழந்தையின் இதயத்தை எக்கோ ஸ்கேனில் பார்ப்பதுண்டு. பிற்பாதியில் குழந்தையின் வளர்ச்சியையும் இரத்த ஓட்டத்தையும் பார்க்கும் ஸ்கேன்கள் கூடுதலாக இருக்கும்.

அறிக்கையில் அச்சிட்டிருக்கும் இயல்பு எல்லையை நம்பி ஏமாறக் கூடாத ஓர் எண் கிரியேட்டினின். கர்ப்பத்தில் சிறுநீரகம் வழக்கத்தைவிட ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதலாக வடிகட்டுவதால், கிரியேட்டினின் இறங்குவதே இயல்பு. பலருக்கு அது 0.4க்கும் 0.8க்கும் இடையில் இருக்கும். 0.6 இருந்தவருக்கு 1.0 ஆனால், ஆய்வகத் தாளில் அது இயல்பென்று இருந்தாலும், மருத்துவரிடம் காட்ட வேண்டிய மாற்றம். இதைப் போலவே, உடலின் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர் என்ற இரத்தப் பரிசோதனை அளவும் கர்ப்பத்தில் தானாகவே உயரும். அதை வைத்து லூபஸ் கிளம்பிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

நோய் கிளம்புவதா, பிரீ-எக்லாம்சியாவா?

அனுபவமுள்ள மருத்துவர்களுக்கே கடினமான கேள்வி இது. இரண்டிலும் அழுத்தம் ஏறும், புரதம் கூடும், கால் வீங்கும். ஆனால் சிகிச்சை வேறு வேறு: ஒன்றுக்கு நோயெதிர்ப்பை ஒடுக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும்; மற்றதற்குப் பிரசவமே தீர்வு. 20 வாரத்துக்கு முன் வந்தால் பெரும்பாலும் லூபஸ்தான். சிறுநீரில் சிவப்பணுக்களும், அவை திரண்டு உருளை வடிவில் வரும் வார்ப்புகளும் தெரிவது, காம்ப்ளிமென்ட் இறங்குவது, டிஎன்ஏ ஆன்டிபாடி ஏறுவது ஆகியவை லூபஸ் பக்கம் சுட்டும். கர்ப்பத்தில் காம்ப்ளிமென்ட் இயல்பாகக் கூட வேண்டியது என்பதால், பழைய அளவிலேயே நிற்பதும்கூட ஐயத்துக்குரியது. யூரிக் அமிலமும் கல்லீரல் நொதிகளும் உயர்ந்தால் பிரீ-எக்லாம்சியா பக்கம். நஞ்சுக்கொடி சுரக்கும் இரு புரதங்களின் விகிதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனையும் சில இடங்களில் கிடைக்கிறது. கர்ப்பத்துக்கு முன் எடுத்த எண்கள் கோப்பில் இருந்தால் இந்தக் குழப்பம் பாதி தீரும். அதற்காகவே அந்தக் கோப்பை அவ்வளவு வலியுறுத்தினேன்.

கீழுள்ளவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்:

- விடாத தலைவலி, கண் மங்குதல், பார்வையில் பொறி பறத்தல்
- வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே வலி
- முகமும் கையும் திடீரென வீங்குதல், சிறுநீர் நுரைத்தோ சிவந்தோ போதல்
- இரத்த அழுத்தம் 160/110 அல்லது அதற்கு மேல்
- காய்ச்சல், மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வலித்து வீங்குதல்
- குழந்தையின் அசைவு குறைதல், இரத்தப்போக்கு, நீர் உடைதல்

அழுத்தம் 140/90ஐத் தொட்டாலே அன்றைக்கே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: பிரசவம்

லூபஸ் என்பதற்காக மட்டும் அறுவைசிகிச்சை தேவையில்லை. தாயும் சேயும் நன்றாக இருந்தால் இயல்பான பிரசவத்துக்குத் தடையில்லை. குறைமாதப் பிறப்பு இந்த நோயில் அதிகம் என்பதால், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள். ஹெப்பாரினை எப்போது நிறுத்துவது, முதுகில் மயக்க ஊசி போடலாமா என்பதை முன்பே பேசி எழுதி வைக்கச் சொல்லுங்கள். நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குப் பிரசவ நேரத்தில் கூடுதல் அளவு தேவைப்படலாம். பணியில் இருக்கும் மருத்துவரிடம் இதைச் சொல்ல உடன் வருபவரும் அறிந்திருக்கட்டும்.

மருத்துவர் "வேண்டாம்" என்றால்

சிலருக்கு அந்தப் பதில் வரும். நுரையீரல் தமனி அழுத்தம் கடுமையாக உயர்ந்திருப்பது, அண்மையில் பக்கவாதம் வந்திருப்பது, இதயம் மிகவும் பலவீனமாக இருப்பது, கிரியேட்டினின் 2.8ஐத் தாண்டியிருப்பது போன்ற நிலைகளில் கர்ப்பம் தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். அப்போது "இப்போது வேண்டாம்" என்கிறாரா, "எப்போதுமே வேண்டாம்" என்கிறாரா என்று தெளிவாகக் கேளுங்கள். இரண்டுக்கும் இடையே மிகப் பெரிய வேறுபாடு உண்டு. இரண்டாவது கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை. சிறுநீரகம் செயலிழந்து மாற்று அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள், புதிய சிறுநீரகம் நிலைப்பட்ட பின் குழந்தை பெற்றதுண்டு. வாடகைத் தாய், தத்து ஆகிய வழிகளும் உண்டு; அவை பற்றிப் பேச நேரம் ஒதுக்கும் மருத்துவக் குழுவே நல்ல குழு.

எட்டாம் படி: பிறந்த பின்னும் பரிசோதனை

குழந்தை வந்ததும் எல்லோர் கவனமும் அதன் மேல் போய்விடும், தாயின் கவனமும். ஆனால் பிரசவத்துக்குப் பின்வரும் மாதங்கள் லூபஸ் கிளம்பக்கூடிய காலம். பிரீ-எக்லாம்சியா பிரசவத்துக்குப் பிறகும், ஆறு வாரம் வரைகூட, தோன்றலாம். சிறுநீர், அழுத்தம், கிரியேட்டினின் பரிசோதனைகளுக்கான நாட்களை வீடு திரும்பும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அந்த நாட்களில் யார் வருவார் என்பதையும் முன்னரே பேசிவையுங்கள். ஹெப்பாரின் தேவைப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் தொடரும்.

தாய்ப்பால் தரலாமா? ஹைட்ராக்சிகுளோரோகுயின், அசாதியோப்ரின், டாக்ரோலிமஸ், பிரெட்னிசோலோன் எடுப்பவர்கள் தரலாம். பிரெட்னிசோலோன் நாளுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் என்றால், மாத்திரை போட்ட பின் நான்கு மணி நேரம் கழித்துப் பால் கொடுக்கச் சொல்வார்கள். எனலாப்ரிலுக்கும் பொதுவாகத் தடையில்லை. புரதம் கூடியிருந்தால் இந்தக் கட்டத்தில் அதை மீண்டும் தொடங்குவார்கள். மைக்கோபீனலேட், சைக்ளோபாஸ்பமைடு, மெத்தோட்ரெக்சேட் ஆகியவை பால் கொடுக்கும் காலத்தில் கூடாது. நோய் கடுமையாகக் கிளம்பி அவை தேவைப்பட்டால், பாலை நிறுத்திச் சிகிச்சையைத் தொடங்குவதே சரி. புட்டிப்பாலில் குழந்தை வளரும். சிறுநீரகத்தை இழந்தால் திரும்பாது.

மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே மீண்டும் கரு தங்கலாம். ஆகவே எந்தக் கருத்தடை என்பதைப் பிரசவத்துக்கு முன்பே முடிவு செய்து, மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போதே அதற்கான ஏற்பாட்டையும் செய்துகொள்ளுங்கள்.